பாற்பல்லும் பராமரிப்பும்: போடிமெட்டுச் சரிவை முன்வைத்துக் குழந்தைப் பல்நலத்தின் தொடக்க வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தையின் வாயில் முதற்பல் முளைப்பது ஏறத்தாழ ஆறாம் மாதத்தில். ஆயினும், பல் பராமரிப்பு அக்குழந்தையை எட்டுவது பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேதான். இவ்விரு காலப் புள்ளிகளுக்கும் இடைப்பட்ட வெற்றிடம் எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குழந்தையின் பல்லைச் சடங்கும், தொழிற்சட்டமும், நீராய்வும் வெவ்வேறு காலங்களில் உற்றுநோக்கின. ஆனால் அவை பல்லை வேறொன்றின் அடையாளமாகவே வாசித்தன. அன்றைய மதுரை மாவட்டத்தில் 1980இல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் பல் முளைக்கும் வயதிலேயே குழந்தைகளை மாதந்தோறும் சந்தித்தது. அந்த வாய்ப்பு பல்நலத்திற்குப் பயன்படாமற் போனதையும், போடிநாயக்கனூர், போடிமெட்டுப் பகுதியின் ஏலத்தோட்ட உழைப்புமுறை அவ்வெற்றிடத்தை மேலும் விரிவாக்குவதையும் கட்டுரை நிறுவ முயல்கிறது.

குறிச்சொற்கள்: பாற்பல், குழந்தைப் பல்நலம், போடிநாயக்கனூர், ஏலமலை, பிள்ளைக் காப்பகம், அங்கன்வாடி, ஊட்டச்சத்துத் திட்டம்.

முன்னுரை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை முந்தலில் மலையடியைத் தொட்டு, பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் ஏலமலைத் தோட்டங்களும் விரிகின்றன. விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி, மாலையில் இறங்கும் கூலித் தொழிலாளர்களுள் பெண்கள் மிகுதி. ஏலக்காய் பறித்தலும் களையெடுத்தலும் பெரிதும் பெண்களின் கைவேலைகளாகவே இருந்துவருகின்றன.

தாய் மலையேறும் நேரத்தில் குழந்தை யார் கையில் இருக்கிறது என்னும் வினா உழைப்பு வரலாற்றுக்கு உரியது. அக்குழந்தையின் வாயை முதன்முதலில் யார், எப்போது, எதற்காகத் திறந்து பார்த்தார்கள் என்னும் வினா மருத்துவ வரலாற்றுக்கு உரியது. இவ்விரண்டும் தனித்தனி வினாக்கள் அல்ல. ஒன்றன் விடை மற்றதில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. மரபில் முதற்பல்

தமிழ் மரபு பல்லுக்குத் தந்த இடம் சிறிதன்று. பல், எயிறு, நகை, முறுவல், மூரல் எனப் பல சொற்கள் வழங்குவதும், அவற்றுட் சில பல்லையும் சிரிப்பையும் ஒருங்கே குறிப்பதும் கருதத்தக்கன. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்தொலி பிறக்கும் உறுப்புகளுள் பல்லையும் எண்ணுகிறது. தகர நகரங்கள் பல்லின் அடியை நா நுனி பொருந்தப் பிறத்தலையும், வகரம் பல்லும் இதழும் இயையப் பிறத்தலையும் அது விளக்குகிறது. மழலை திருந்திய பேச்சாக மாறுவதற்கு முன்பற்கள் துணைசெய்கின்றன என்னும் இன்றைய கருத்தோடு இவ்விளக்கம் ஒத்துச்செல்கிறது.

பல் தூய்மை பற்றிய விதிகளும் பழமையானவை. பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை, வைகறையில் எழுவோன் கோலால் பல் துலக்குதலை நாட்கடன்களுள் ஒன்றாக வகுக்கிறது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றும் பழமொழி இன்றும் வழக்கில் உள்ளது. எனினும் இவ்விதிகள் தாமே குச்சியை மென்று துலக்கவல்ல வளர்ந்தோரை நோக்கியவை. கையில் குச்சி பிடிக்கவியலாத குழந்தை அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

குழந்தையின் பல் மரபில் வேறு வகையில் இடம்பெற்றது. யாழ்ப்பாணத் தமிழரிடையே முதற்பல் முளைத்தவுடன் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு நிகழ்கிறது. கொழுக்கட்டைகளைக் குழந்தையின் தலைமேற் சொரிவதும், ஏடு, எழுதுகோல், பொன் முதலியவற்றை முன்வைத்து அது எதைத் தொடுகிறது எனப் பார்ப்பதும் அதன் கூறுகள். தமிழகத்தில் மேற்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்னும் நம்பிக்கை உண்டு. விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கமும் பரவலானது. பல் முளைக்கும் காலத்துக் காய்ச்சலும் கழிச்சலும் மாந்தம், தோடம் முதலிய வகைப்பாடுகளுள் வைத்து நோக்கப்பட்டன. பிள்ளை மருந்து எனப்படும் வசம்பு கைவளையாகவும் உரைமருந்தாகவும் பயன்பட்டது.

இவற்றைத் தொகுத்து நோக்குகையில் ஒன்று புலனாகிறது. பாற்பல் முளைக்கும் நாளும் விழும் நாளும் மரபின் கவனத்தில் இருந்தன. முளைத்தலுக்கும் விழுதலுக்கும் இடைப்பட்ட காலம் கவனத்தில் இல்லை. 'விழுந்து முளைக்கும் பல்தானே' என்னும் வழக்குரை இந்த மனநிலையின் சுருக்கமாகும். உண்மையில் இரண்டரை வயதையொட்டி முளைக்கும் இரண்டாம் பாற்கடைவாய்ப்பல் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை வாயில் நிலைக்கிறது. ஏறத்தாழ எட்டாண்டுகளுக்கும் மேலாக உணவை அரைத்து, பின்னர் வரும் நிலைப்பல்லுக்கு இடங்காக்கும் அப்பல்லைத் தற்காலிகமானது என ஒதுக்குதல் பொருந்தாது.

2. சான்றாக வாசிக்கப்பட்ட பல்

நவீன அரசு குழந்தையின் வாயைத் திறந்து பார்த்த தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று நோய் பற்றியதன்று, வயது பற்றியது. பிரித்தானியாவின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. அரசின் பிறப்புப் பதிவு நடைமுறைக்கு வராத அக்காலத்தில் வயதை நிறுவுவது எளிதாக இல்லை. எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் 1837இல் வெளியிட்ட சிறுநூலில், உயரத்தைவிடப் பல் முளைப்பே வயதைக் காட்டும் நம்பகமான அளவுகோல் என வாதிட்டார். இங்குக் குழந்தையின் பல் வேலைக்குத் தகுதியான வயதைக் காட்டும் சான்றாயிற்று. அப்பல் சொத்தையா, வலிக்கிறதா என்பது அவ்வாய்வின் வினா அன்று.

நூறாண்டுகளுக்குப் பின் சென்னை மாகாணத்திலும் பல் இவ்வாறே மற்றொன்றின் சான்றானது. எச். ஈ. ஷார்ட், ஜி. ஆர். மக்ராபர்ட், டி. டபிள்யூ. பர்னார்ட், ஏ. எஸ். மன்னாடி நாயர் ஆகியோர் 1937இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்ட கட்டுரை, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்ட ஊர்களில் கண்ட எலும்பு இறுக்கத்தையும் பற்கறையையும் குடிநீரின் மிகை ஃபுளூரைடோடு இணைத்தது. இந்தியாவில் மனிதரிடையே புளூரோசிஸ் நோயை நிறுவிய முன்னோடி ஆய்வாக அது மதிக்கப்படுகிறது. நிலைப்பற்களின் எனாமல் பிறப்பு முதல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாவதால், வளர்ந்தவரின் பல்லில் காணும் கறை அவர் குழந்தைப் பருவத்தில் அருந்திய நீரின் பதிவாகும். பல் குழந்தைப் பருவத்தின் ஆவணம் என்பதை இவ்வாய்வு உணர்த்தியது. ஆயினும் அது பல்லிலிருந்து கிணற்றை நோக்கிச் சென்றதேயன்றிக் குழந்தையின் பல் பராமரிப்பை நோக்கிச் செல்லவில்லை. அதன் நோக்கத்தை எண்ணுகையில் அது இயல்பானதே.

3. பள்ளி வாயிலில் தொடங்கிய பராமரிப்பு

பராமரிப்பு என்னும் பொருளில் குழந்தைப் பல்நலம் பள்ளியோடு பிணைந்தே வளர்ந்தது. எர்ன்ஸ்ட் ஜெஸ்ஸன் 1902இல் ஸ்ட்ராஸ்பூர்கில் நிறுவிய பள்ளிப் பல் மருத்துவமனையும், 1907இல் கேம்பிரிட்ஜில் தொடங்கியதும் இதன் முன்னோடிகள். நியூசிலாந்து 1921இல் பள்ளிப் பல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியது. பல் மருத்துவர் அல்லாத, ஆனால் குழந்தைகளின் பல்லுக்கு மருத்துவஞ்செய்யப் பயிற்சி பெற்ற பெண்களைப் பள்ளிகளில் அமர்த்தும் அம்முறை, கொழும்புத் திட்ட உதவியுடன் 1950களில் இலங்கையின் மகரகமைக்கு வந்தது. தெற்காசியாவில் குழந்தைப் பல்நலத்திற்கெனத் தனிப் பணியாளரை உருவாக்கிய முயற்சி என்ற வகையில் இது சிறப்பிடம் பெறுகிறது.

தமிழகத்தின் பாதை வேறு. 1948இல் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. இந்தியக் குழந்தைப் பல் மருத்துவர்களின் தேசியச் சங்கம் 1979இல் உருவானது. இவ்வளர்ச்சி பட்டம்பெற்ற மருத்துவரையும் மருத்துவமனையையும் மையமாகக் கொண்டது. எனவே வலி வந்தபின் மருத்துவமனைக்குச் செல்லக்கூடியவருக்கே அது முதலில் பயன்பட்டது.

இவ்விரு பாதைகளும் ஒரு புள்ளியில் ஒன்றுபடுகின்றன. பள்ளியை நாடிய முறை ஐந்து, ஆறு வயதில் தொடங்கியது. மருத்துவமனையை நாடிய முறை வலியில் தொடங்கியது. இந்தியப் பல் மருத்துவக் கழகத்தின் 2002-03ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு, ஐந்து வயதுக் குழந்தைகளுள் ஏறத்தாழச் சரிபாதியினருக்குப் பற்சிதைவு இருப்பதைக் கண்டது. அவ்வாய்வின் மிகக் குறைந்த வயதுப் பிரிவே ஐந்துதான். கணக்கெடுப்பு தொடங்கும் வயதிலேயே பாதிக் குழந்தைகள் நோயுற்றிருந்தனர் என்றால், நோயின் தொடக்கம் கணக்கெடுப்பின் பார்வைக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது என்பது வெளிப்படை.

4. எடைத்தராசும் திறக்கப்படாத வாயும்

முதல் மூன்றாண்டுகளில் குழந்தையைச் சந்திக்கும் அமைப்பு தமிழகத்தில் இல்லாமலில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 ஒன்றியங்களில் சோதனை முறையில் தொடங்கியது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதன் முன்னோட்டக் களமாக அமைந்தது மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியம். தேனி மாவட்டம் 1996இல் பிரிக்கப்படும்வரை போடிநாயக்கனூரும் அம்மாவட்டத்தையே சேர்ந்திருந்தது.

இத்திட்டம் 6 முதல் 36 மாத வயதுடைய குழந்தைகளை மையமாகக் கொண்டது. ஊர்ப் பெண்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பணியாளர் ஒவ்வொரு மாதமும் குழந்தையை எடையிட்டு வளர்ச்சி அட்டையில் குறித்தார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தானியமாவு, பருப்பு, வெல்லம் சேர்ந்த உருண்டை வழங்கப்பட்டது. எடை தேறியதும் அது நிறுத்தப்பட்டது. கடுமையான ஊட்டக்குறைவைக் குறைத்ததற்காக இத்திட்டம் பிற்கால ஊட்டச்சத்து ஆய்வுகளில் தொடர்ந்து எடுத்துக்காட்டப்படுகிறது.

பல்நல வரலாற்றின் கோணத்தில் இவ்வயதெல்லை தனிக் கவனத்திற்குரியது. முதற்பல் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கிறது. இருபது பாற்பற்களும் ஏறத்தாழ மூன்று வயதுக்குள் முளைத்து முடிகின்றன. அதாவது, ஊட்டச்சத்துத் திட்டம் வகுத்துக்கொண்ட 6-36 மாத எல்லையும் பாற்பல் முளைக்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு குழந்தை முப்பது முறை எடைத்தராசில் அமர்த்தப்பட்ட காலத்திற்குள் அதன் வாய் முழுதும் பற்கள் நிறைந்தன. ஆனால் அட்டையில் பதிந்தது எடை மட்டுமே.

பஞ்சமும் கழிச்சலும் உயிரைப் பறித்த காலத்தில் எடைக்கு முதன்மை தந்தது சரியே என்னும் மறுப்பு எழலாம். அது ஏற்கத்தக்கதே. ஆயினும் எடையும் பல்லும் தொடர்பற்றவை அல்ல. சொத்தையால் வலியுறும் குழந்தை மெல்ல மறுக்கிறது; உறக்கம் கெடுகிறது; எடை குறைகிறது. ஆப்ரி ஷீஹாம் 2006இல் பிரித்தானியப் பல் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, பள்ளி செல்லாச் சிறாரின் பற்சிதைவு அவர்தம் எடையையும் வளர்ச்சியையும் பாதிப்பதை எடுத்துரைத்தது. எனவே எடை ஏறாத குழந்தைகளுட் சிலருக்கு உணவுக்குறையோடு வாய்வலியும் காரணமாக இருந்திருக்கக்கூடும். வாயைப் பார்க்காத தராசு அதைப் பிரித்தறிந்திருக்க இயலாது.

வெல்லம் சேர்ந்த உருண்டையையும் பின்னாளைய சத்துமாவையும் இதன்பொருட்டுக் குறைகூறுதல் தகாது. பட்டினிக்கு அவை மருந்து. ஆனால் இனிப்பும் மாவும் பல்லில் ஒட்டி நிற்குமிடத்து, உண்டபின் நீர் புகட்டி ஈரத்துணியால் பல்லைத் துடைக்கும் ஒரு செய்கையை உடன்சேர்ப்பதற்குத் தனிச் செலவு தேவைப்பட்டிராது.

5. மலைச்சரிவில் இரு மாநிலக் குழந்தை

போடிமெட்டுச் சரிவில் இவ்வெற்றிடம் மேலும் அகல்கிறது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் இயற்றப்பட்டபோது தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகிய பயிர்களையே நேரடியாகச் சுட்டியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தமே ஏலக்காயையும் சேர்த்து, ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் உடைய தோட்டங்களைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. ஐம்பது பெண் தொழிலாளரோ, பெண் தொழிலாளரின் இருபது குழந்தைகளோ உள்ள தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் அமைக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாக இருந்தது.

தேயிலைத் தோட்டமும் ஏலத்தோட்டமும் இங்கு வேறுபடுகின்றன. பெருநிறுவனத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளி லயன் வீட்டில் குடியிருக்கிறாள். குழந்தை காப்பகத்தில் விடப்படுகிறது. தோட்ட மருத்துவமனை அருகில் உள்ளது. இலங்கை மலையகத்தில் பிள்ளைக்காம்பரா எனப்படுவதும் இத்தகைய காப்பகமே. ஏலமலையில் சிறு உடைமைகள் மிகுதி. அவற்றுட் பல சட்டத்தின் பரப்பெல்லையை எட்டுவதில்லை. மேலும் நாட்கூலிக்கு மலையேறும் பெண்ணின் குழந்தை மலையில் இல்லை. அது கீழே போடி வட்டாரத்து ஊர்களில் பாட்டியிடமோ அக்காளிடமோ அங்கன்வாடியிலோ இருக்கிறது. தாயின் உழைப்பு இடுக்கியில். குழந்தையின் பெயர்ப்பதிவு தேனியில். தோட்டச் சட்டத்தின் காப்பகம் அக்குழந்தைக்குப் பொருளற்றதாகிறது. அறுவடைக் காலத்தில் குடும்பத்தோடு மலைமேல் தங்குவோரின் குழந்தைகளோ ஊர் அங்கன்வாடியின் தொடர்ச்சியையும் இழக்கின்றனர்.

உணவுமுறையும் இதனோடு பிணைந்தது. தாய் விடியுமுன் புறப்படும் வீட்டில் குழந்தையின் காலையுணவு எளிதிற் கிடைப்பதாக அமைகிறது. சர்க்கரையிட்ட தேநீரில் தோய்த்த பன், வர்க்கி, பிஸ்கட் ஆகியன அத்தகையவை. பாட்டில் பாலோடு உறங்கச்செய்வதன் விளைவை எலியாஸ் ஃபாஸ் 1962ஆம் ஆண்டுக் கட்டுரையில் மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். மேல்முன்பற்கள் ஈற்றோரம் வெண்மையாகி, பின் பழுப்பேறி, ஒடிந்து விழும் அந்நோய் இன்று இளங்குழந்தைப் பற்சிதைவு என வழங்குகிறது. ஈற்றோர வெண்கோடு தோன்றும் நிலையில் அதைத் தடுத்து மீட்கவியலும். அந்நிலையில் வலி இல்லை. எனவே யாரும் மருத்துவமனைக்குச் செல்வதில்லை. மேலுதட்டை உயர்த்திப் பார்ப்பவர்க்கே அது தெரியும். நாட்கூலித் தாய்க்கோ மருத்துவமனைக்குச் செல்லும் நாள் கூலியிழக்கும் நாளாகும். ஆகவே இந்நோயைத் தாயின் அறியாமையாக விளக்கும் போக்கு வரலாற்று நோக்கில் குறையுடையது. அது வேலை நேரத்தின், தொலைவின் விளைவுமாகும்.

6. முதற்பிறந்தநாளை நோக்கி

முதற்பல் முளைத்தவுடனோ முதற்பிறந்தநாளுக்குள்ளோ வாயைப் பரிசோதிக்க வேண்டும் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வலுப்பெற்றது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 1986இல் குழவி வாய்நலம் குறித்த கொள்கையை ஏற்றது. பன்னாட்டுக் குழந்தைப் பல் மருத்துவச் சங்கம் 2018இல் பாங்காக்கில் கூடி இளங்குழந்தைப் பற்சிதைவு பற்றிய அறிக்கையை உருவாக்கியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, பல் மருத்துவரல்லாத முதனிலை நலப் பணியாளரும் இதில் பங்கேற்க வேண்டும் என வலியுறுத்தியது.

இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் பதினெட்டு வயதுவரை கண்டறியவேண்டிய முப்பது உடல்நலக் குறைகளுள் பல் நோயையும் சேர்த்தது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிச் சிறாரை ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும் என்பது அதன் நெறி. பள்ளிக்கு முந்தைய குழந்தையின் வாயைப் பராமரிப்பு நோக்கில் திறந்து பார்க்க அரசு நாடெங்கும் வகுத்த நடைமுறை என்ற வகையில் இது ஒரு திருப்பம். 2014-15இல் தேசிய வாய்நலத் திட்டமும் உருவானது.

எனினும் கால இடைவெளி எஞ்சுகிறது. வெண்கோடு குழியாக மாறச் சில மாதங்களே போதும். ஆண்டுக்கு இருமுறை வரும் குழு அதைத் தவறவிடக்கூடும். குழு வரும் நாளில் மலைமேல் தங்கியிருக்கும் குழந்தை பட்டியலில் மட்டுமே இருக்கும். மாதந்தோறும் குழந்தையைச் சந்திப்பவர் இன்றும் அங்கன்வாடிப் பணியாளரே. 1980இல் எடைத்தராசு இருந்த இடத்தில்தான் இன்றும் தீர்வு இருக்கிறது.

முடிவுரை

குழந்தையின் பல் தமிழ்ச் சமூகத்தின் பார்வைக்கு ஒருபோதும் தப்பியதில்லை. சடங்கு அதில் எதிர்காலத்தையும், தொழிற்சட்டம் வயதையும், நீராய்வு கிணற்றின் தன்மையையும் வாசித்தன. பல்லைப் பல்லாகவே கருதிப் பேணும் முயற்சி பள்ளி வாயிலில் காலந்தாழ்ந்து தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் குழந்தையைச் சந்தித்த ஊட்டச்சத்துத் திட்டம் எடையோடு நின்றது. ஏலமலைத் தொழிலாளரின் குழந்தைக்குத் தோட்டச் சட்டமும் மாநில எல்லையும் மேலும் தடையாயின.

இவ்வரலாறு உணர்த்துவது புதிய நிறுவனத்தின் தேவையை அன்று. இருக்கும் சந்திப்பின் விரிவை. எடையிடும் நாளில் மேலுதட்டை உயர்த்திப் பார்த்தல், வளர்ச்சி அட்டையில் பல்லுக்கு ஒரு கட்டம் ஒதுக்குதல், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசிமணி அளவு ஃபுளூரைடு பற்பசை போதும் என்பதைக் குழந்தையைக் காக்கும் பாட்டிக்கும் உணர்த்துதல், தேனி, இடுக்கி மாவட்டங்களின் அங்கன்வாடிப் பதிவுகளை இணைத்தல் ஆகியன அவ்விரிவில் அடங்கும். போடி வட்டாரத்தில் வாய்நலப் பதிவுகளையும் தோட்டக் காப்பகங்களின் ஆவணங்களையும் பெண் தொழிலாளரின் வாய்மொழி வழக்காறுகளையும் ஒருங்கே தொகுக்கும் கள ஆய்வு இத்துறையில் அடுத்து நிகழவேண்டியதாகும். மாலையில் மலையிறங்கி வரும் தாய்க்குக் குழந்தையின் பல்வலி முதற்செய்தியாக இல்லாதிருப்பதே அவ்வாய்வின் பயனாக அமையும்.